தொழியூர் கொடுத்த கை

கொச்சி ராஜ்யத்தின் எல்லைக்கு வெளியே 1774இல் அடைக்கலம் புகுந்தவர் ஒரு மெத்ரான், அதாவது ஆயர். அவர் வழியாகப் பிறந்த சின்னஞ்சிறு திருச்சபை, தன்னை விரட்டிய தாய்ச்சபைக்கே மூன்று முறை மெத்ரான்களைத் தந்தது. கல்கத்தாவுக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு.

டாக்குரியா பாலத்திலிருந்து இறங்கி, கோல் பார்க், கரியாஹாட் வழியாக ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே போனால், காளிகாட் டிராம் டிப்போவுக்கு அருகே தடித்த தூண்கள் தாங்கிய முகப்போடு ஒரு கிரேக்கத் தேவாலயம் நிற்கிறது. 1924இல் கட்டத் தொடங்கியது. அதற்கு முன்னால் கல்கத்தா கிரேக்கர்களின் கோயில் வடக்கே அமரதல்லா தெருவில் இருந்தது. அதைக் கட்டுவதற்கு வாரன் ஹேஸ்டிங்ஸ் தன் பங்காக 2000 ரூபாய் கொடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு கிரேக்க வணிகர்கள் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போனார்கள். காளிகாட் தேவாலயம் நெடுநாள் பூட்டிக் கிடந்து 1991க்குப் பிறகு மறுபடி உயிர் பெற்றது. இன்று அங்கே மண்டியிடுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள்.

ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் குருவானவர் தங்கள் ஆயரின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளும் ஒரு கட்டம் உண்டு. வெளியாளுக்கு அது சாதாரணமாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அதுதான் எல்லாம். யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கு அந்தக் கோயில் கட்டுப்பட்டது. பெயரை மாற்றினால் திருச்சபை மாறியது, பெயரை விட்டுவிட்டால் பிரிந்துபோனது என்று பொருள். காளிகாட் தேவாலயம் கான்ஸ்டான்டிநோபிளின் தலைமைப் பிதாவான பாத்திரியார்க்கீஸின் ஆளுகையில் இருக்கிறது. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு உள்ள இடங்களும் உலகத்தில் இருக்கின்றன. கருங்கடல் ஓரத்து அப்காசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-93 போருக்குப் பிறகு ஜார்ஜியாவின் பிடியிலிருந்து அது விலகியது. 2008 ஆகஸ்டில் ரஷ்ய அரசு அதைத் தனி நாடாக அங்கீகரித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் விஸ்ஸாரியோன் ஆப்லியா என்ற குருவின் தலைமையில், ஜார்ஜியத் திருச்சபையோடு இனி எங்களுக்கு உறவில்லை என்று அப்காசியக் குருமார்கள் அறிவித்தார்கள். ரஷ்ய அரசு நாட்டை ஏற்றுக்கொண்டது. ரஷ்யத் திருச்சபையோ அப்காசியா ஜார்ஜியத் திருச்சபையின் எல்லைக்குள் இருப்பதாகவே இன்றுவரை சொல்கிறது. 2011இல் பிரிந்துபோன சபையும் இரண்டாகப் பிளந்தது. நியூ ஆதோஸ் மடத்தைச் சேர்ந்த தோரோதேயோஸ் த்பார் தலைமையில் ஒரு பிரிவு கான்ஸ்டான்டிநோபிளை நோக்கிக் கையேந்தத் தொடங்கியது. இரு பிரிவுகளுக்கும் உள்ள பெரிய குறை ஒன்றுதான்: ஊரறிய, உலகறிய ஏற்கப்பட்ட ஓர் ஆயர் அவர்களிடம் இல்லை.

ஆயர் இல்லாவிட்டால் என்ன? எல்லாமே நின்றுபோகும். கிழக்கத்திய சபைகளின் நம்பிக்கைப்படி ஓர் ஆயரை இன்னோர் ஆயர்தான் தலையில் கை வைத்து உருவாக்க முடியும். அப்போஸ்தலர்கள் காலத்திலிருந்து கை மாறிக் கை மாறி வரும் சங்கிலி அது. உறைமோர் தீர்ந்துபோன வீட்டில் எத்தனை படி பால் இருந்தாலும் தயிராகாது. பக்கத்து வீட்டில் போய் ஒரு கரண்டி வாங்கித்தான் ஆகவேண்டும். கொடுக்கும் மனசுள்ள பக்கத்து வீடு அமைய வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அந்த மனசுள்ள வீடு ஒன்று நம் பக்கத்து மலையாளக் கரையில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. குருவாயூருக்கும் குன்னங்குளத்துக்கும் அருகே உள்ள தொழியூர். குருவாயூரப்பனைத் தரிசிக்கப் போகும் தமிழர்களில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. மலபார் சுயாதீன சுறியானி சபை என்பது அதன் முழுப் பெயர். அதன் 250 ஆண்டுக் கதை, பிரிந்துபோகிறவர்களைப் பற்றி நமக்குள்ள எண்ணங்களைப் புரட்டிப்போடுகிறது.

கப்பல் கூலியில் தொடங்கிய பகை

மலையாள நாட்டு சுறியானிக் கிறிஸ்தவர்கள் தங்களைத் தோமா அப்போஸ்தலரின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். போர்த்துகீசியர்கள் வந்து ரோமாபுரிக்குக் கட்டுப்படச் சொல்லி அழுத்தியபோது, 1653 ஜனவரி 3ஆம் தேதி மட்டாஞ்சேரியில் கூடி, இனி அவர்களுக்கு அடங்க மாட்டோம் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். கூனன் குருசு சத்தியம் என்று அதைச் சொல்வார்கள். சத்தியம் செய்தாயிற்று, ஆயருக்கு எங்கே போவது? பன்னிரண்டு குருமார்கள் சேர்ந்து தங்கள் தலைவராக இருந்த அர்க்கதியாக்கோன் தோமாவின் தலையில் கை வைத்து அவரை ஆயராக்கினார்கள். குருமார்கள் கை வைத்தால் ஆயராக முடியுமா என்ற கேள்வி அன்றிலிருந்து அந்தச் சபையை விடாமல் துரத்தியது. 1665இல் எருசலேமிலிருந்து வந்த மார் கிரிகோரியோஸ் என்ற ஆயர் குறையைச் சரிசெய்தார் என்பார்கள். ஆனால் அதற்குப் பிறகும் பகலோமற்றம் குடும்பத்தில் மாமனுக்குப் பின் மருமகன் என்று மார் தோமா பட்டம் கைமாறும்போதெல்லாம் சந்தேகம் தலைதூக்கியது.

ஐந்தாம் மார் தோமா இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்து, அந்தியோக்கியாவின் பாத்திரியார்க்கீஸிடம் ஆயர்களை அனுப்பும்படி கேட்டார். 1751இல் மார் பசேலியோஸ் சக்ரல்லா, இன்னொரு மார் கிரிகோரியோஸ், மார் இவானியோஸ் ஆகியோர் டச்சுக் கப்பலில் கொச்சிக்கு வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கான கப்பல் கூலியை யார் கொடுப்பது என்பதிலேயே மனஸ்தாபம் தொடங்கிவிட்டது. டச்சுக்காரர்கள் பெரிய தொகை கேட்டார்கள். மார் தோமாவால் கொடுக்க முடியவில்லை, அல்லது கொடுக்க மனமில்லை. அழைத்தவரும் வந்தவர்களும் ஒருவரை ஒருவர் நம்பாமல் ஆண்டுகள் ஓடின. கடைசியில் 1770இல் நிரணத்தில், ஐந்தாமவருக்குப் பின் வந்த ஆறாம் மார் தோமாவுக்கு முறைப்படி பட்டம் கட்டி, மார் திவன்னாசியோஸ் என்று பெயர் சூட்டினார்கள்.

பிரச்சினை அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 1772இல் மட்டாஞ்சேரியில் முதிய மார் கிரிகோரியோஸ், காட்டுமங்ஙாட்டு ஆபிரகாம் ரம்பான் என்ற துறவியைத் தனியாக மார் கூறிலோஸ் என்ற பெயரில் மெத்ரானாக்கினார். முதியவருக்கு மார் திவன்னாசியோஸ் மீது நம்பிக்கை போய்விட்டதா, சீடன் மீது பாசமா, இரண்டுமா? சீடனிடமே தன் உடைமைகளையும் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு கிரிகோரியோஸ் காலமானார். ஒரே சபைக்கு இப்போது இரண்டு மெத்ரான்கள். இருவருக்குமே கை வைத்தவர் ஒருவர்தான் என்பதால், ஒருவரைப் போலி என்று சொல்லி மற்றவர் தப்பிக்க வழியில்லை.

மார் திவன்னாசியோஸின் பக்கமும் யோசித்துப் பார்க்க வேண்டும். பட்டம் கிடைக்க ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர். கிடைத்த இரண்டே ஆண்டுகளில் போட்டிக்கு ஒருவர். ஊர் இரண்டுபட்டால் கொச்சி ராஜாவுக்கும் டச்சுக்காரர்களுக்கும்தான் கொண்டாட்டம் என்று அவருக்குத் தெரியும். ராஜாவைத் தன் பக்கம் திருப்பினார். கூறிலோஸ் கலகக்காரர் ஆனார். 1774இல் அவர் கொச்சி எல்லையைத் தாண்டினார்.

கூப்பிடு தூரத்தில் இன்னொரு நாடு

குன்னங்குளம் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அதற்கு மிக அருகே, அஞ்ஞூர் தேசத்தில் இருக்கும் தொழியூர் கொச்சியில் இல்லை. இன்று திருச்சூர் மாவட்டத்துக்குள் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், பேருந்தில் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடலாம். அன்று ஒரு பக்கம் கொச்சி ராஜாவின் சேவகர்கள் கைது செய்யலாம், மறு பக்கம் அவர்கள் காலெடுத்து வைக்கவே முடியாது.

மறு பக்கம் யாருடையது என்பதும் அன்றைக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியாத ஒன்று. காலங்காலமாகக் கோழிக்கோடு சாமூதிரியும் கொச்சி ராஜாவும் அந்த எல்லைக் கிராமங்களுக்காக அடித்துக்கொண்டவர்கள். 1766இல் மைசூரிலிருந்து ஹைதர் அலி வந்து மலபாரைப் பிடித்தார். சாமூதிரிகள் திரும்ப வந்தார்கள், மைசூர்ப் படை 1774இல் மறுபடி வந்தது. அதே ஆண்டில்தான் கூறிலோஸ் தன் சாமான்களோடு அங்கே போய்ச் சேர்ந்தார். 1789இல் திப்பு சுல்தானின் படை இந்தப் பக்கமாக வந்தபோது குருவாயூர் மூலவரை அம்பலப்புழைக்குக் கொண்டுபோனார்கள். குன்னங்குளத்து ஆர்த்தாற்றுப் பள்ளி தீக்கிரையானது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி மலபார் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. முதலில் பம்பாய் மாகாணத்தோடு சேர்த்து ஆண்டார்கள், 1800இல் மதராஸ் மாகாணத்துக்கு மாற்றினார்கள். இப்படி 30 ஆண்டுகளுக்குள் கொடி மாறிக்கொண்டே இருந்த மண்ணில் ஒரு சின்னக் கூட்டம் தன் மெத்ரானைக் காப்பாற்றி வைத்திருந்தது.

451இல் கூடிய கால்செதோன் சங்கத்தின் பதினேழாவது விதி, அரசு புதிதாக நகரங்களை ஏற்படுத்தினால் திருச்சபையின் எல்லைகளும் அரசின் எல்லைகளைத் தொடர வேண்டும் என்கிறது. அப்காசியர்கள் நாடு தனியானால் சபையும் தனியாக வேண்டும் என்று சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. மலையாள சுறியானிகள் கால்செதோனை ஏற்காத பக்கத்தைச் சேர்ந்தவர்கள். கல்கத்தா படா பஜாரில் 1724இல் கட்டிய நாசரேத் கோயிலை வைத்திருக்கும் ஆர்மீனியர்களும் அந்தப் பக்கம்தான். கூறிலோஸுக்கும் அரசின் எல்லைதான் சபையின் எல்லையானது. சங்கத்தை ஏற்காதவர்களின் வாழ்க்கையிலும் அந்தச் சங்கத்தின் விதி வேலை செய்தது என்பது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்த விஷயம்.

எல்லை ஒருவரை ஒருமுறை காப்பாற்றும், சங்கிலியைக் காப்பாற்றாது. அதைக் கூறிலோஸ் நன்றாகவே உணர்ந்திருந்தார். தான் இறந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், உயிரோடு இருக்கும்போதே 1794இல் தம்பி கீவர்கீசுக்குக் கை வைத்து இரண்டாம் கூறிலோஸ் ஆக்கினார். 1802இல் மூத்தவர் காலமானார். தம்பி 1807இல் ஸ்கறியா மார் ஃபீலக்சினோஸை ஏற்படுத்தினார். அவர் 1811இல் குன்னங்குளத்துக் கிடங்ஙன் குடும்பத்து கீவர்கீசை இரண்டாம் மார் ஃபீலக்சினோஸ் ஆக்கினார். முதல் 40 ஆண்டுகளில் நான்கு மெத்ரான்கள், ஒவ்வொரு முறையும் ஒற்றைக் கை. ஒரு காய்ச்சல், ஒரு படகு விபத்து போதும், அந்த வரிசை அறுந்துபோயிருக்கும்.

கல்கத்தாவின் கண்

இந்தக் காலத்தில்தான் கல்கத்தா உள்ளே வருகிறது. ஃபோர்ட் வில்லியம் கல்லூரியின் துணைத் தலைவராக இருந்த கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் 1806இல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டுப் பூரி, தஞ்சாவூர் வழியாகத் திருவிதாங்கூர் போனார். கண்டநாட்டில் கிழவரான மார் திவன்னாசியோஸைச் சந்தித்தார். கையால் எழுதிய பழைய சுறியானி வேதாகமம் ஒன்றை மெத்ரான் அவரிடம் கொடுத்தார். அது இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஆங்கிலத் திருச்சபையோடு சுறியானிகள் சேரலாமே என்ற பேச்சையும் புக்கானன் தொடங்கி வைத்தார். 1811இல் பம்பாயில் அச்சான மலையாளச் சுவிசேஷங்களுக்குப் பின்னாலும் அவருடைய முயற்சி இருந்தது. இங்கிலாந்து திரும்பி அவர் எழுதிய புத்தகம் அங்கே பரபரப்பாக விற்றது. மலபாரில் ஒரு பழங்காலக் கிறிஸ்தவ சமூகம் இருக்கிறது என்ற செய்தி பாராளுமன்ற உறுப்பினர்கள் வரை போனது.

1814இல் ஆங்கிலத் திருச்சபை இந்தியா முழுவதற்கும் ஒரே ஆயரை நியமித்தது. கல்கத்தா ஆயர் என்று பட்டம், கன்னியாகுமரி வரைக்கும் அவருடைய எல்லை. முதல் ஆயர் மிடில்டன் 1816இலேயே மலையாளக் கரைக்கு வந்து பார்த்தார். ஆக சுறியானிகளின் உள்வீட்டுச் சண்டைகள் எல்லாம் கடிதமாகி கல்கத்தாவுக்கு வந்து சேரத் தொடங்கின.

தொழியூரின் வாசற்கதவைத் தட்டியவர் திருவிதாங்கூர், கொச்சி இரண்டுக்கும் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோ. காரணம் பணமும்கூட. ஏழாம் மார் தோமாவின் காலத்தில், 1808இல், 3000 நட்சத்திர வராகன் கம்பெனியிடம் நூற்றுக்கு எட்டு வட்டிக்குப் போட்டு வைக்கப்பட்டிருந்தது. வட்டிப்பணம் என்றே அதைச் சொல்வார்கள். பிற்காலத்தில் அதை வைத்து மலையாளச் சபைகள் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக மோதின. அந்த வட்டியை முறையான மெத்ரானிடம்தான் கொடுக்க முடியும். அப்போது பதவியில் இருந்த மார் தோமாக்களுக்குக் கை வைத்தது முறைதானா என்று சந்தேகம். புலிக்கோட்டில் இட்டூப்பு ரம்பான் கோட்டயத்தில் ஒரு செமினாரி கட்டுவதற்கு அந்த வட்டிப்பணத்தை வேண்டி நின்றார். அவரை மெத்ரானாக்கினால் எல்லாம் நேராகும். அவருக்குக் கை வைக்க, சந்தேகத்துக்கு இடமில்லாத ஆயர் ஒருவர் வேண்டும்.

மலையாளக் கரையில் அப்படி ஒருவர்தான் இருந்தார். 40 ஆண்டுகளுக்கு முன்னால் கலகக்காரர் என்று விரட்டப்பட்டவரின் வழிவந்த தொழியூர் மார் ஃபீலக்சினோஸ்.

அவர் மறுத்திருக்கலாம். நிபந்தனை போட்டிருக்கலாம், பழைய கணக்கைத் தீர்த்திருக்கலாம். 1815இல் அவர் புலிக்கோட்டிலின் தலையில் கை வைத்தார். தாய்ச்சபையான மலங்கரைச் சபைக்கு இரண்டாம் மார் திவன்னாசியோஸ் கிடைத்தார். பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: தொழியூரைத் துரத்தியவரின் பெயரே, தொழியூரின் கை வழியாகத் திரும்பி வந்தது.

புதியவர் 1816 நவம்பரில் இறந்துபோனார். அப்போது மலங்கரைச் சபை முழுவதற்கும் பொறுப்பு ஃபீலக்சினோஸின் மடியில் வந்து விழுந்தது. செமினாரி, வட்டிப்பணம், ரெசிடென்டின் ஆதரவு, நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள் எல்லாம். தொழியூரிலோ கையளவு குடும்பங்கள். அவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. 1817இல் புன்னத்தற கீவர்கீசுக்குக் கை வைத்து மூன்றாம் திவன்னாசியோஸாக்கிவிட்டுத் தொழியூருக்குத் திரும்பினார். 1825இல் புன்னத்தற காலமானபோது மறுபடி அழைப்பு. மறுபடி வந்தார், சேப்பாட்டு பிலிப்போஸுக்குக் கை வைத்து நான்காம் திவன்னாசியோஸாக்கினார், மறுபடி திரும்பிப் போனார். 1829இல் தொழியூரில் கண்ணை மூடினார்.

இந்திய திருச்சபை வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் இவர்தான். சபைகளின் கதையை எழுதுபவர்கள் பிரிவினை செய்தவர்களையும் சேர்த்து வைக்க முயன்றவர்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கையில் வந்த சிம்மாசனத்தில் உட்காராமல் அடுத்தவரை உட்கார வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஃபீலக்சினோஸுக்குச் சில வரிகள்தான் கிடைக்கின்றன. ஜான் ஃபென்விக் என்ற ஆங்கிலேயர் 2009இல் தொழியூரின் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். அதன் தலைப்பே மறக்கப்பட்ட ஆயர்கள் என்றுதான் பொருள்படும்.

அவருக்கு எதிர்ப்பும் இருந்தது. 1825இல் அந்தியோக்கியாவிலிருந்து வந்த மார் அத்தனாசியோஸ், தங்கள் பாத்திரியார்க்கீஸின் அனுமதி இல்லாமல் நடந்த இந்தக் கைவைப்புகள் செல்லாது என்றார். அதே சமயத்தில் கல்கத்தா ஆயராக இருந்தவர் ரெஜினால்ட் ஹீபர். அவர் அத்தனாசியோஸைப் பம்பாயில் சந்தித்திருந்தார். சண்டையைச் சகோதரர்களாகப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதமும் எழுதினார். தெற்கே வந்த ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் குளியல் தொட்டியில் இறந்துகிடந்தார். திருச்சியில் ஹீபர் பெயரில் இருக்கும் பள்ளியையும் கல்லூரியையும் அறிந்தவர்களுக்கு, அவர் தன் கடைசி வாரங்களில் தொழியூர் மெத்ரானின் வழக்கைச் சுமந்துகொண்டிருந்தார் என்பது தெரிந்திருக்காது. அத்தனாசியோஸைத் திருவிதாங்கூர் அரசு நாடு கடத்தியது.

அடுத்து வந்த கல்கத்தா ஆயர்களில் டேனியல் வில்சன் வேறு மாதிரி. கல்கத்தா மைதானத்தின் தென்கிழக்கில் நிற்கும் செயின்ட் பால் கதீட்ரலைக் கட்டியவர் அவர்தான். 1835 நவம்பரில் கோட்டயம் வந்து சேப்பாட்டு மெத்ரானைச் சந்தித்து, சீர்திருத்தத்துக்கு ஆறு யோசனைகள் சொன்னார். செமினாரிக்கு 1000 ரூபாய் கொடுத்தார். 1836 ஜனவரியில் மாவேலிக்கரையில் கூடிய சுறியானிகள், நாங்கள் அந்தியோக்கியாவின் வழிமுறையில் நிற்பவர்கள், உங்கள் யோசனை வேண்டாம் என்று தீர்மானம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு வந்தவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் கிளப்பிய விவாதம் ஆறவே இல்லை. சீர்திருத்தம் வேண்டும் என்ற மாராமண் ஆபிரகாம் மல்பான் என்ற குருவின் கூட்டம் ஒரு பக்கம், வேண்டாம் என்றவர்கள் மறு பக்கம். 1889இல் திருவனந்தபுரம் ராயல் கோர்ட் தீர்ப்பு, சீர்திருத்தக்காரர்களின் கையிலிருந்து ஏறத்தாழ எல்லாக் கோயில்களையும் எடுத்துக்கொண்டது. அவர்கள்தான் இன்றைய மார்த்தோமா திருச்சபை.

கடன் திரும்பியது

இதற்கிடையில் தொழியூரிலேயே ஒரு முறை சங்கிலி அறுந்தது. மூன்றாம் மார் கூறிலோஸ் வாரிசுக்குக் கை வைக்காமலே 1856இல் இறந்துபோனார். இந்த முறை மலங்கரையிலிருந்து உதவி வந்தது. அப்போதைய மெத்ரான் மாத்யூஸ் மார் அத்தனாசியோஸ், தொழியூரின் ஜோசப் மார் கூறிலோஸுக்குக் கை வைத்தார். உடனே வழக்கு. கை வைத்தவர் மலங்கரை மெத்ரான் என்றால் தொழியூர் மலங்கரைக்குக் கட்டுப்பட்டதுதானே? மதராஸ் வரை போன வழக்கில் 1862இல் தீர்ப்பு வந்தது: தொழியூர் யாருக்கும் கட்டுப்பட்டதல்ல, அது சுயாதீனமான சபை. மலபார் மதராஸ் மாகாணத்தில் இருந்ததால்தான் இந்த வழக்கு திருவிதாங்கூர், கொச்சி அரசர்களின் நீதிமன்றத்துக்குப் போகாமல் மதராசுக்குப் போனது. 1774இல் ஓடி வந்தவரைக் காத்த எல்லை, 88 ஆண்டுகள் கழித்துச் சட்டப்படியும் கைகொடுத்தது.

1893இல் மார்த்தோமா பக்கத்து மெத்ரான் தோமஸ் மார் அத்தனாசியோஸ் வாரிசை ஏற்படுத்தாமல் மறைந்தார். கோயில்களை இழந்து, இப்போது ஆயரையும் இழந்த அந்தச் சபைக்கு யார் கை வைப்பது? 1894 ஜனவரியில் தொழியூர் ஆயர்கள் கோட்டயத்துக்கு வந்து முதலாம் தீத்துஸ் மார் தோமாவுக்குப் பட்டம் கட்டினார்கள். மார்த்தோமா ஆயர்களின் வரிசை இன்றுவரை அந்தக் கைவைப்பைத் தாங்கி நிற்கிறது.

தென் கல்கத்தாவில் டாக்குரியா, லேக் கார்டன்ஸ் பக்கம் தமிழர்களும் மலையாளிகளும் பல தலைமுறைகளாக அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கிறார்கள். மலையாளி சுறியானிகள் இருவர் புதிதாகச் சந்தித்தால் விழும் கேள்வி, மலங்கரைத் தலைமையை ஏற்கும் மெத்ரான் கட்சியா, அந்தியோக்கியா பாத்திரியார்க்கீஸை ஏற்கும் பாவா கட்சியா என்பது. 1912இல் நிரணத்தில் மலங்கரைக்கென்று தனியாக ஒரு கத்தோலிக்கோஸ், அதாவது தலைமை ஆயர், ஏற்படுத்தப்பட்டதிலிருந்து இந்தப் பிளவு. 1958இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஒன்று சேர்ந்தார்கள், 1970களில் மறுபடி பிரிந்தார்கள். 2017 ஜூலை 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மலங்கரைச் சபையின் 1934ஆம் ஆண்டுச் சட்டதிட்டத்தின்படியே கோயில்களை நிர்வகிக்க வேண்டும் என்றது. அதன்பின் பிறவம், முளந்துருத்தி என்று ஊர் ஊராகப் போலீஸ் வந்து பூட்டுத் திறந்ததும், கிழவிகள் வாசற்படியில் உட்கார்ந்து கதறியதும் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. முளந்துருத்தியில்தான் 1773இல் காலமான மார் கிரிகோரியோஸின் கல்லறையும் இருக்கிறது. தொழியூரின் முதல் மெத்ரானுக்குக் கை வைத்த அதே முதியவர். 2025 மார்ச் 25ஆம் தேதி லெபனானில் பாவா கட்சியான யாக்கோபாயா பக்கத்துக்குப் புதிய கத்தோலிக்கோஸாக ஜோசப் மார் கிரிகோரியோஸ் பட்டம் ஏற்றார். இரு தரப்பிலும் பக்தி இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஃபீலக்சினோஸைப் போலக் கையில் இருப்பதை விட்டுக்கொடுக்க ஒருவர் முன்வந்திருந்தால் எத்தனை சவ அடக்கங்கள் தடையில்லாமல் நடந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அப்காசியாவின் நிலையும் இதனால்தான் வேதனை தருகிறது. அங்கே வழிபாடு நடக்கிறது, பிட்சுந்தாவில் பழைய பெருங்கோயில் இருக்கிறது, 1875இல் எழும்பிய நியூ ஆதோஸ் மடம் இருக்கிறது. சுற்றிலும் பெரிய சபைகள் இருக்கின்றன. மாஸ்கோ கை வைத்தால் ஜார்ஜியாவோடு உறவு முறியும், கான்ஸ்டான்டிநோபிள் கை வைத்தால் மாஸ்கோவோடும் ஜார்ஜியாவோடும் முறியும். பெரிய சபைகளுக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது. எதையும் இழக்க அஞ்சாத ஒரு தொழியூர் அவர்களுக்குப் பக்கத்தில் இல்லை.

தொழியூரின் கடைசிப் பெரிய சோதனை 1977இல் வந்தது. அந்தச் சபையின் தலைவராக இருந்த பவுலோஸ் மார் ஃபீலக்சினோஸே கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்துவிட்டார். 200 ஆண்டுகளுக்கு மேல் எந்த அரசராலும் நீதிமன்றத்தாலும் கலைக்க முடியாத சபை, தலைமை இல்லாமல் நின்றது. அந்த வேளையில் துணை நின்றது மார்த்தோமா திருச்சபை. 1978இல் மாத்யூஸ் மார் கூறிலோஸ் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் 1986இல் ஜோசப் மார் கூறிலோஸ், 2001 முதல் சிறில் மார் பசேலியோஸ். தொழியூர் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலை மையமாகக் கொண்டு சபை நடக்கிறது, மார்த்தோமாவினரோடு உறவும் தொடர்கிறது. இரு சபைகளிலும் ஆயர் பட்டம் கட்டும் நாட்களில் மற்ற சபையின் ஆயர்கள் மதுபகா எனும் பீடத்தில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது.